ஒரு பல்லுக்கு நாலு நடை: பழவேற்காட்டிலிருந்து கோட்டை ஸ்டேஷன் வரை

வாசகர் ஒருவர் எழுப்பிய கேள்வி:
"கிராமத்தில் பல் டாக்டர் இல்லை, ஏழைக்குப் பல் வைத்தியம் கிடைக்கவில்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அவ்வளவு பெரிய அரசு பல் மருத்துவமனை இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. சீட்டுக்குக் காசு கிடையாது. மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு ஆட்கள் ஒரு ரயில் ஏறினால் வந்துவிடலாம். பல் சொத்தையாகி விழும் வரை வராமல் இருப்பது யார் தப்பு? சோம்பேறித்தனம்தானே?"

4 மே 2025, ஞாயிறு

நான் இருப்பது தண்டையார்பேட்டை. மனைவி ஊர் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். அந்த ஊரில் யாருக்குக் கன்னம் வீங்கினாலும் முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டு வரவேற்பறையில் பாய் விரிக்கப்படும். ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டேன். இதைப் படித்து நீங்கள் கேட்கும் மறுகேள்விகளுக்கும் இங்கேயே, தேதி போட்டு, பதில் சேர்த்துக்கொண்டே போகிறேன்.

"ஒரு ரயில்" என்பதை முதலில் பார்ப்போம். குப்பத்திலிருந்து பழவேற்காடு பஸ் நிறுத்தம் வரை ஷேர் ஆட்டோ. அங்கிருந்து பொன்னேரி ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பஸ். பொன்னேரி ஸ்டேஷன் ஊருக்குள் இல்லை, அதற்கு ஒரு நடை. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் சென்ட்ரல் வர ஒரு மணி நேரம், பேசின் பிரிட்ஜில் நிறுத்திவிட்டால் கூடக் கொஞ்சம். அப்புறம் சுரங்கப்பாதை, பொது மருத்துவமனையைத் தாண்டி நடை. ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டு காலையில்தான். விடியும் முன் கிளம்பினால்தான் சரியான நேரத்துக்கு வர முடியும், இல்லாவிட்டால் என் வீட்டுப் பாய்.

சரி, வந்துவிட்டார்கள். அந்தப் பல் மருத்துவமனையைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 1953இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது. பல பேராசிரியர்கள், முதுகலை மாணவர்கள், எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில். வேலையும் சுத்தம். பிரச்சினை அடுத்த வார்த்தையில்தான் வருகிறது: "அடுத்த செவ்வாய் வாங்க."

கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்பு வரை போய்விட்டால் வேர் சிகிச்சை செய்ய வேண்டும். முதல் நாள் எக்ஸ்ரே எடுத்து, பல்லைத் திறந்து, அழுகிய நரம்பை எடுத்து, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். சீழ் இருந்தால் அது அடங்கக் காத்திருக்க வேண்டும். அடுத்த முறை வேர்க் குழாய்களை இழைத்துச் சுத்தம் செய்வார்கள். அதற்கடுத்து நிரப்புவார்கள். பிறகு மேலே கேப் (பல்லுக்கு உறை) போட அளவு எடுக்க ஒரு நாள், பொருத்த ஒரு நாள். பிடுங்குவதோ அன்றைக்கே முடியும். மரத்துப்போக ஊசி, பத்து நிமிஷம், வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு மாலை ரயிலில் வீடு.

என் மச்சான் கேட்டது இதுதான்: "இன்னா மாமா, ஒரு பல்லுக்கு இன்னும் நாலு வாட்டி வரச் சொல்றாங்க. நாலு நாள் கூலி யார் குடுப்பா? புடுங்கிடச் சொல்லு."

சோம்பேறித்தனம் என்று இதற்குப் பெயர் வைத்தால், வைத்துக்கொள்ளுங்கள்.

4 மே, இரவு

"பயம்தான் காரணம், ஊசி பயம்" என்று ஒரு நண்பர். பயம் உண்டு, மறுக்கவில்லை. நடு ஏரியில் இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற மச்சான், டாக்டர் ஊசியை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் வந்தாரே. பயந்தவர் வராமல் இருப்பதும், வந்தவர் இரண்டாம் முறை வராமல் இருப்பதும் வேறு வேறு.

7 மே

காசிமேட்டிலிருந்து ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "இப்போ தடைக்காலம். எங்க லாஞ்சு ஆளுங்க எல்லாம் பல்லு, கண்ணு, குடலிறக்கம் எல்லாத்தையும் இந்த 61 நாளில்தான் பார்த்துக்குவாங்க. உங்க ஆளுங்களையும் வரச் சொல்லுங்க."

நல்ல யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலத்தில் ராயபுரம், தண்டையார்பேட்டை கிளினிக்குகளில் மீனவர் கூட்டத்தை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அண்ணே, பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவருக்கு அந்தத் தடை பொருந்தாது. தடை கடலில் போகும் விசைப்படகுக்கும் இழுவலைக்கும். ஏரிக்காரருக்கு வேறு கணக்கு: பாடு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்களை எல்லோரும் ஒரே நாளில் போய் அள்ள முடியாது. ஊர்க்காரர்கள் குழுவாகப் பிரிந்து, முறை வைத்து, இன்ன நாள் இன்ன குழு என்று இறங்குவார்கள். அதுதான் பாடு. தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தன் முறை வருகிற நாளை விட்டால் அடுத்த முறை வரும் வரை அந்த இடம் இல்லை. மச்சானுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய பாடு முறை வரும் நாள். இறாலா, பல்லா? கேட்கவே வேண்டாம். டாக்டருக்குப் பாடு தெரியாது, மச்சானுக்கு வேர்க் குழாய் தெரியாது. இரண்டு பேருமே தங்கள் தொழிலைச் சரியாகத்தான் செய்கிறார்கள்.

தற்காலிக அடைப்பு மாதக்கணக்கில் தாங்காது. ஓரத்தில் கசியும், உள்ளே மறுபடி கிருமி சேரும், திறந்து குடைந்த பல் ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது இரண்டாகப் பிளக்கும். அப்போது பிடுங்குவதைத் தவிர வழி இருக்காது. பாதி செய்த வைத்தியம் செய்யாததைவிட மோசம் என்று சில சமயம் எனக்குத் தோன்றும். ஆனால் வலியோடு வந்தவரின் நரம்பை எடுத்து அன்றைக்காவது தூங்க வைக்கிறார்களே, அதை எப்படிக் குறை சொல்ல?

11 மே, ஞாயிறு

"சென்னைக்கு ஏன் வர வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கக் கூடாதா?" இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அமைப்பு இப்படி: ஊரில் துணை சுகாதார நிலையம், செவிலியர் இருப்பார். அதற்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேல் வட்டார அளவில் படுக்கை வசதியோடு மேம்படுத்தப்பட்ட நிலையம். அப்புறம் தாலுகா மருத்துவமனை. பல் மருத்துவர் பணியிடம் பொதுவாக வட்டார அளவிலிருந்துதான் தொடங்கும். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையத்தில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் ஆள் உண்டு, பல்லுக்குக் கிடையாது.

பல் வைத்தியம் மற்ற வைத்தியம் மாதிரி ஒரு மேஜை, ஒரு ஸ்டெதாஸ்கோப்போடு முடிவதில்லை. நாற்காலி வேண்டும். அதில் பல்லைக் குடையும் ஏரோட்டர் சுழலக் காற்று அழுத்தம் வேண்டும், அதற்குக் கம்ப்ரஸர். கம்ப்ரஸருக்கு ஏற்ற இறக்கம் இல்லாத மின்சாரம். தண்ணீர் வேண்டும், உப்புத் தண்ணீர் ஏறினால் குழாய் அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரே கருவி வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் கருவியை நீராவியில் கிருமி நீக்க ஆட்டோகிளேவ். சிமெண்ட் கலந்து கொடுக்க, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க ஒரு உதவியாளர். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த நாற்காலி உட்காரத்தான் பயன்படும்.

கடலோரத்தில் ஓரிடத்தில், பெயர் வேண்டாம், மாமியாரை அழைத்துப் போனேன். நாற்காலி இருந்தது, பாலிதீன் உறை போட்டு. கம்ப்ரஸர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டர். இளம் பெண். அவரே டார்ச் பிடித்து, அவரே எழுதி, அவரே மாத்திரை எடுத்துக் கொடுத்தார். வாரத்தில் சில நாள் வேறொரு நிலையத்துக்கும் போக வேண்டுமாம். "அம்மா, இது ஆடுது, இங்கேயே எடுத்துடலாம். அந்த இன்னொண்ணை அடைக்கணும், அதுக்குச் சென்னைக்குப் போங்க" என்றார். ஆடும் பல்லை வலிக்காமல் எடுத்தார். இன்னொன்று அப்படியே இருக்கிறது. அடைத்தால் போதும் என்ற நிலையில் இருந்த அந்தப் பல்லைப் பற்றி எனக்கு இன்னும் ஆற்றாமை.

நாட்டில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வருடா வருடம் ஆயிரக்கணக்கில் பட்டம் வாங்கி வெளியே வருகிறார்கள். பல் டாக்டர் பற்றாக்குறை என்று சொல்ல முடியாது. எங்கள் தெரு முனையிலிருந்து டோல்கேட் வரை எத்தனை பல் கிளினிக் பலகை! மீஞ்சூர் தாண்டினால் பலகைகள் மெலிந்துவிடும். அதிலும் தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மூன்றே மூன்று: சென்னை, சிதம்பரம், 2023இல் வந்த புதுக்கோட்டை.

12 மே

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" பழமொழியை இனி யாரும் போட வேண்டாம். மூன்று பேர் போட்டாயிற்று. குப்பத்தைச் சுற்றி வளர்வது சீமைக்கருவேலம், அதை வைத்துப் பல் விளக்கினால் ஈறில் முள் எடுக்கத் தனியாக ஒரு டாக்டர் வேண்டும்.

18 மே

இடைப்பட்ட காலத்தில் ஊரில் என்ன நடக்கிறது? மெடிக்கல் ஷாப். "பல்லு வலிக்குது" என்றால் கேள்வி கேட்காமல் வலி மாத்திரை ரெண்டு, ஆன்டிபயாடிக் ரெண்டு, கேஸ் மாத்திரை ஒன்று, மடித்துக் கொடுப்பார்கள். மறுநாள் வலி குறையும். சொத்தை அங்கேயேதான் இருக்கும். நரம்பு வீங்கி வருகிற வலிக்கு ஆன்டிபயாடிக் வேலைக்கே ஆகாது, உள்ளே போய் எடுத்தால்தான் தீரும். வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும், ஏற்கெனவே சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், தப்பில்லை. மூக்குப்பொடி, புகையிலை, மாத்திரையைப் பொடித்துச் சொத்தைக்குள் திணிப்பது, இதெல்லாம் ஈறை வெந்துபோக வைக்கும்.

மனைவியின் சித்தப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். கீழ்க் கடைவாய்ப் பல். மாத்திரையிலேயே ஓட்டினார். ஒரு நாள் கன்னம் வீங்கியது, உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள். மறுநாள் தாடைக்குக் கீழே, கழுத்து வரை இறுகிவிட்டது. வாய் திறக்கவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறியது. ராத்திரி வேன் பிடித்து ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தில் வெட்டிச் சீழை வடித்து, நரம்பில் மருந்து ஏற்றி, படுக்கையில் வைத்துக் காப்பாற்றினார்கள். வீக்கம் மூச்சுக் குழாயை அடைத்திருந்தால் ஆள் போயிருப்பார், ஒரு பல்லால்.

ஆகவே இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல் வலியோடு தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்க முடியாமை, வாய் திறக்காமை, காய்ச்சல், மூச்சு முட்டல், இவற்றில் எது சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓ.பி. நேரம் பார்க்க வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. 108 உண்டு.

19 மே

காப்பீட்டு அட்டை பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். முதலமைச்சர் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைகளுக்கானது. சொத்தை அடைக்க, வேர் சிகிச்சைக்கு என்று நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

25 மே, ஞாயிறு

இன்று வேறு பேச்சு. பாரிமுனைப் பக்கம் சீனப் பல் டாக்டர்களை யாருக்காவது நினைவிருக்கிறதா? என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அவர் பல் செட் அங்கே கட்டியதுதான். சீனாவிலிருந்து வந்து தலைமுறையாக இங்கேயே தொழில் செய்யும் குடும்பங்கள். நம்மைவிடச் சுத்தமாகச் சென்னைத் தமிழ் பேசுவார்கள். அப்பா அந்தச் செட்டைக் கல்யாணத்துக்குப் போகும்போது மட்டும் போடுவார், சாப்பிடும்போது கழற்றிக் கைக்குட்டையில் வைப்பார். அம்மா திட்டிக்கொண்டே இருப்பார்.

கிராமத்தில் பல் கட்டுகிறவர் வேறு மாதிரி. வாரச் சந்தைக்கு வண்டியில் வருவார். பெட்டியில் ரெடிமேட் பற்கள், கம்பி, ஒரு பொடி, ஒரு திரவம். பொடியையும் திரவத்தையும் குழைத்து வாயிலேயே அப்பிப் பக்கத்துப் பல்லோடு கம்பி போட்டு இறுக்கிவிடுவார். கழற்ற முடியாது. அரை மணி நேரம், சில நூறு ரூபாய், ஒரே நடை. சட்டப்படி, தகுதி இல்லாமல் இதைச் செய்வது குற்றம். ஆனால் சந்தையில் யாரும் சட்டப் புத்தகம் விற்பதில்லை. பெரியம்மா ஒருவர் அப்படிக் கட்டிக்கொண்டார். உள்ளே சோறு தங்கி, ஈறு அழுகி, கடைசியில் கட்டின பல்லோடு தாங்கிநின்ற நல்ல பற்கள் இரண்டும் போயின.

எனக்கு அந்த ஆள் மேல் கோபம் உண்டு. ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன்: அவர் ஊருக்கு வந்தார், அன்றைக்கே முடித்தார். இந்த இரண்டையும் செய்கிற வேறு யாரும் அங்கே இல்லை.

8 ஜூன்

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளின் முகாம் வேன் பற்றி எழுதவில்லையே என்று கேட்டார்கள். எழுதத் தயங்கினேன், ஏனென்றால் அதில் எனக்கு இரண்டு மனது.

மாணவர்கள் பட்டம் வாங்கும் முன் இத்தனை பல் எடுத்தேன், இத்தனை அடைத்தேன் என்று காட்ட வேண்டும். அதற்கு நோயாளிகள் வேண்டும். ஆகவே கல்லூரி முகாம் போடுகிறது, பரிசோதித்து, பஸ் வைத்துக் கல்லூரிக்குக் கூட்டிப்போய், வைத்தியம் செய்து, மாலையில் கொண்டுவந்து விடுகிறது. "ஏழை வாயில் படிக்கிறார்கள்" என்று இங்கே ஒருவர் காட்டமாக எழுதினார். படிக்கிறார்கள்தான். மேலே பேராசிரியர் நிற்கிறார். அரசுக் கல்லூரியிலும் மாணவர்தானே செய்கிறார்.

யோசித்துப் பார்த்தால் அந்த பஸ்தான் விஷயம். மச்சான் மகள் அப்படித்தான் இரண்டு பல் அடைத்துக்கொண்டாள். மறு வருகைக்கும் பஸ் வந்தது. ஏனென்றால் அவள் வராவிட்டால் நஷ்டம் மாணவிக்கு. அரசு மருத்துவமனைக்கு நாம் திரும்பிப் போகாவிட்டால் யாருக்கு என்ன? நமக்குப் பின்னால் நிற்கிற வரிசை ஓர் ஆள் குறையும், அவ்வளவுதான். குறை என்னவென்றால் கல்லூரிக்குப் பற்கள் தேவைப்படும் மாதங்களில் மட்டும் பஸ் வரும்.

9 ஜூன்

விடியல் பயணம் வந்த பிறகு பெண்கள் நிலைமை மாறியிருக்கிறது என்று மனைவி சொல்லச் சொன்னாள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை என்றானதும், அவள் அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் யாரையும் கேட்காமல் சேர்ந்து பொன்னேரி வரை போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வருகிறார்களாம். "எங்களுக்கு நாலு நடை பெரிசில்ல, ஆம்பளைங்களுக்குத்தான்." நான் எழுதியதெல்லாம் ஆண் கதை என்கிறாள். அவள் சொல்வதில் பாதி சரி. மீன் கூடை தூக்கும் பெண்ணுக்கும் நாள் கூலி போகிறது. இதற்கு அவள் பதில்: "நாங்க விடியறதுக்குள்ள வித்துட்டுப் போவோம்."

15 ஜூன்

மாவா. வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். சீவல் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்த்த உருண்டை. 2013இலிருந்து குட்கா, பான் மசாலா தடை என்று இருந்தாலும் துறைமுக வாசலில் லாரிக்குக் காத்திருக்கும் பையன்கள் கன்னத்துக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது குப்பத்துக்கும் போயிருக்கிறது.

பாக்கு ஊறும் இடத்தில் கன்னத்தின் உள்தோல் வெளுத்து நார் மாதிரி இறுகும். காரம் பட்டால் எரியும். வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். உங்கள் மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது புற்றாக மாறக்கூடிய நிலை. இரண்டு வாரம் ஆறாத புண், தேய்த்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இவையும் அப்படியே. சொத்தைக்கு நாலு நடை முடியாது என்றால் போகட்டும். இதற்கு வந்தே ஆக வேண்டும், பாடு இருந்தாலும்.

என்னோடு வேலை பார்க்கும் பையனுக்கு இரண்டு விரல்தான் போகிறது. சொன்னேன். "பிரியாணி துன்ற அளவுக்குத் திறக்குதுண்ணே" என்றான்.

16 ஜூன்

கேரம் விளையாடும்போது சண்டையில் பையனின் முன் பல் முழுசாக விழுந்துவிட்டது, என்ன செய்ய என்று ஒருவர் கேட்டார். இப்போது தாமதமாகியிருக்கும், மற்றவர்களுக்காக: நிரந்தரப் பல் என்றால் வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, காய விடாமல் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல் என்றால் பொருத்தக் கூடாது.

29 ஜூன்

பல் மருத்துவம் படிக்கும் ஒரு தங்கை நீளமாகத் தனிச் செய்தி அனுப்பியிருந்தார். சாரம் இதோ.

எல்லாச் சொத்தைக்கும் நாற்காலியும் கம்ப்ரஸரும் தேவையில்லை. சின்னச் சொத்தையைக் கைக் கருவியாலேயே சுரண்டி, ஒட்டும் தன்மையுள்ள கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைக்கலாம். கரண்ட் வேண்டாம், பெரும்பாலும் ஊசியும் வேண்டாம். பள்ளி பெஞ்சில் படுக்க வைத்தே செய்யலாம். இன்னொன்று, சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற சொட்டு மருந்து. சொத்தையில் தடவினால் அது பெரும்பாலும் மேலே பரவாமல் நின்றுபோகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்த இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. குறை, தடவிய சொத்தை கறுப்பாகிவிடும்.

இதை மச்சான் மனைவியிடம் சொன்னேன். "பொட்டப் புள்ள, சிரிச்சா கறுப்பாத் தெரியும், வேணாம் அண்ணா." பால் பல்தானே, விழுந்துவிடுமே என்றேன். "விழுறதுக்குள்ள போட்டோ எடுப்பாங்களே." பின்னால் உள்ள பல்லுக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்வார் போலத் தெரிகிறது.

பள்ளிகளுக்குக் குழந்தை நலப் பரிசோதனைக் குழு ஏற்கெனவே வருகிறது. 2013இல் தொடங்கிய தேசியத் திட்டம், அவர்கள் பார்க்கும் பட்டியலில் பல்லும் இருக்கிறது. பார்த்துச் சீட்டு எழுதுகிறார்கள். சீட்டு பள்ளிப் பையில் கிழிந்து போகிறது. அதே வண்டியில் அந்தச் சிமெண்டும் சொட்டு மருந்தும் போட்டுக்கொள்ளத் தெரிந்த ஒருவரும் வந்தால் எத்தனை நடை மிச்சம்!

3 ஆகஸ்ட்

நேற்று முதல் சனிக்கிழமைதோறும் 'நலம் காக்கும் ஸ்டாலின்' என்ற அரசு மருத்துவ முகாம். 17 சிறப்புப் பிரிவுகளில் பல்லும் உண்டு. உடனே ஒருவர், "பார்த்தீர்களா, டாக்டரே ஊருக்கு வருகிறார், இனி என்ன சாக்கு?" என்கிறார். வரட்டும், நல்லது. சர்க்கரையும் எக்ஸ்ரேயும் பல்லும் ஒரே இடத்தில் பார்ப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் முகாமில் சொத்தையைக் கண்டுபிடிப்பார்கள். மச்சானுக்குத் தன் சொத்தை எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும்.

10 ஆகஸ்ட்

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மனு எழுதச் சொல்லி ஊரிலிருந்து ஃபோன். குமாஸ்தா என்பதால் எழுத்து வேலை என் தலையில். முதல் வரைவில் புதுப் பல் பிரிவு, எக்ஸ்ரே, நிரந்தர டாக்டர் என்று எல்லாம் கேட்டிருந்தேன். மச்சான் படித்துவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் கேட்டா ஒண்ணும் வராது மாமா. ஒண்ணு கேளு."

ஆகவே ஒன்று. சென்னையில் முதல் நாள் நரம்பு எடுத்தவருக்கு மீதி வேலையைப் பக்கத்துத் தாலுகா மருத்துவமனையிலோ வட்டார நிலையத்திலோ முடித்துத் தர வேண்டும், அதற்கு நாள் குறிக்கும்போது நோயாளியைக் கேட்டுக் குறிக்க வேண்டும். "கேட்டுக் குறிக்க" என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்கள்.

17 ஆகஸ்ட்

தீர்மானம் ஏறிவிட்டது. ரோடு, குடிநீர், முகத்துவாரம் எல்லாம் முடிந்து கடைசியில். ஒரு பெரியவர், "பல்லுக்கெல்லாமா தீர்மானம்?" என்று கேட்டாராம். அவருக்குப் பல்லே இல்லை, பாவம், அக்கறை இருக்க நியாயமில்லை.

7 செப்டம்பர், ஞாயிறு

தீர்மானத்துக்கு அலுவலகப் பதில் இன்னும் இல்லை. ஆனால் அது இல்லாமலே ஒரு வழி கிடைத்தது, மற்றவர்களுக்கும் உதவலாம்.

மச்சானை மறுபடி சென்னைக்கு அழைத்து வந்தபோது, முதுகலை மாணவரிடம் நேராகச் சொன்னேன்: இவர் திரும்ப வர மாட்டார், பாதியில் நிற்கும். அவர் சிரித்துவிட்டு, ஓ.பி. சீட்டின் பின்னாலேயே எந்தப் பல், எத்தனை வேர்க் குழாய், ஒவ்வொன்றின் நீளம், வைத்த மருந்து எல்லாவற்றையும் எழுதி, எக்ஸ்ரே படத்தையும் என் ஃபோனில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதைக் காட்டி ஊருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் மீதியைச் செய்ய முடியுமா என்று கேட்டோம். அங்கிருந்த டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாராவது இப்படி எழுதிக் குடுத்தா நாங்க செய்ய மாட்டோம்னா சொல்றோம்?" என்றார். பாடு முறை இல்லாத ஒரு வியாழக்கிழமை பார்த்து வேரை நிரப்பிவிட்டார்கள். எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்த டாக்டருக்கு அன்றைக்கு உதவியாளர் இருந்தார், கம்ப்ரஸர் ஓடியது. ஆனாலும் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

போகும்போது மாத்திரைப் பட்டியலையும் கொண்டு போங்கள். சர்க்கரைக்காரர்கள் காலையில் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போகவும். இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் பிடுங்கப் போகிறோம் என்று தாங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் சொன்னால் போதும்.

கேப் மட்டும் பாக்கி. அது அங்கே போடுவதில்லை, சென்னைக்குத்தான் வர வேண்டும். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் உடையும், அதுவரை அந்தப் பக்கம் நண்டு கடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். இறால் சீசன் முடியட்டும் வரேன் என்கிறார். நேற்று ராத்திரி ஃபோனில் பேசும்போது எதையோ கடித்து உறிஞ்சும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு லைனைத் துண்டித்துவிட்டார்.